பள்ளத்துப் பாருக்கு வந்த காவல்காரன்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று தொடங்கினால் உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும் வசதி. ஆனால் இந்தக் கதை நடந்தபோது சிங்கமும் இல்லை, சிங்கத்தைப் பார்த்து ஓட ஒரு முயலும் இல்லை. அதனால் ஒரு கடலில் என்று தொடங்குகிறேன். பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல். அதன் அடியில் குடியிருந்தவர்கள் முதுகெலும்பு இல்லாதவர்கள்.

முதுகெலும்பு இல்லாதவர்கள் என்றதும் சிரிக்க வேண்டாம். அவர்களுக்கு ஓடு இருந்தது, முள் இருந்தது. பிடிவாதம் நம்மைவிட அதிகமாகவே இருந்தது.

அந்தக் கடலின் அடி சரிவாக இருந்தது. மேலே, அலை வந்து மோதும் இடத்தில், மேட்டுப் பார். கீழே, சரிவு முடிந்து சேறு தொடங்கும் இடத்தில், பள்ளத்துப் பார். கடலடியில் கெட்டியாக எழும்பி நிற்கும் திட்டைத்தான் பார் என்பார்கள். பள்ளத்துப் பார் கல்லால் ஆனது அல்ல. செத்துப்போன சிப்பிகளின் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து உண்டானது.

சேற்றில் சிப்பியால் உட்கார முடியாது, புதைந்துபோகும். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. சிப்பிக்குஞ்சு முதலில் கொஞ்ச காலம் தண்ணீரில் மிதந்து திரியும். அப்போது தாய் ஒரு வாசனையை நீரில் விடுவாள். "இங்கே வா, இங்கே உட்கார்" என்று அதற்கு அர்த்தம். அழைப்பு என்று அதைச் சொல்வார்கள். குஞ்சு அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்து, முன்னோர் ஓட்டின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஒட்டியதுதான். சாகிறவரை அங்கிருந்து இம்மியும் நகர முடியாது.

அந்தப் பாரில் வரிச்சி என்று ஒரு சிப்பி இருந்தாள். ஓட்டில் வரிவரியாகக் கோடுகள் இருந்ததால் அந்தப் பெயர். தன்னைப் பெற்ற தாயின் ஓட்டின் மேல்தான் அவள் ஒட்டியிருந்தாள். தாய் உயிரோடு இல்லை. அந்த ஓட்டின் நடுவில் வட்டமாக ஒரு துளை இருந்தது.

துளையைப் போட்டவன் துளையன் என்கிற நத்தை. அவன் நாக்கில் அரத்தைப்போலப் பற்கள். ஒரு சிப்பியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, எந்த அவசரமும் இல்லாமல், கரகரவென்று ஓட்டை அராவுவான். நாள் கணக்கில் அராவுவான். துளை விழுந்ததும் வாயை உள்ளே விட்டு இருப்பதை எல்லாம் உறிஞ்சிவிட்டு, அடுத்த சிப்பிக்கு நகர்வான்.

தாயை அவன் அராவியபோது வரிச்சி நகத்தளவு குஞ்சு. தாயின் முதுகிலேயே ஒட்டியிருந்தவள் எங்கே ஓடுவாள்? அந்தக் கரகரப்பு முழுவதும் அவள் உடம்பு வழியாகத்தான் போயிற்று. தாய் முதலில் அவளிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் பேசவில்லை. வளர்ந்து பெரியவளான பிறகும், எங்காவது மணல் உராய்ந்தால்கூட வரிச்சி ஓட்டை மூடிக்கொள்வாள்.

வரிச்சிக்கும் குஞ்சுகள் பிறந்தன. அழைத்தாள், வந்து ஒட்டின. ஒன்றைக்கூடத் துளையனின் கூட்டம் விட்டுவைக்கவில்லை. சின்ன ஓட்டைத் துளைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பாரின் உச்சியில் கெட்டிவாயன் இருந்தான். அங்கே இருந்ததிலேயே பெரிய சிப்பி. ஓட்டை இறுக்கி மூடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. நல்லவன்தான். ஆனால் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையை வைத்து உலகத்தையே சமாளித்துவிடலாம் என்று நினைக்கிற ரகம். அந்த ரகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

"எது வந்தாலும் ஒரே வழிதான்," என்பான். "வாயை மூடு. வந்தது போகிறவரை திறக்காதே."

துளையனிடம் மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை. மூடினாலும் அவன் துளைத்தான்.

பாரில் சிப்பிகள் மட்டுமா இருந்தன? ஒரு பக்கம் கடற்பஞ்சு, உடம்பெல்லாம் ஓட்டையாக, சதா தண்ணீரைக் குடித்துக்கொண்டு. இன்னொரு பக்கம் கடல் அல்லி. பெயர்தான் பூ, ஆள் விலங்கு. நீளமான தண்டின் மேல் நின்று, கைகளை விரித்து, மிதந்து வருவதைப் பிடித்துத் தின்னும். கடல் முள்ளெலி சிப்பி ஓடுகளில் படியும் பாசியை மேய்ந்து சுத்தம் செய்யும். நண்டு யாரிடமாவது சண்டை வளர்த்துக்கொண்டிருக்கும். மொத்தத்தில் சந்தைக்கடைதான்.

ஓர் ஆண்டு மழை கொட்டித் தீர்த்தது. ஆறுகள் சேறும் சருகுமாக வெள்ளத்தைக் கொண்டுவந்து கடலில் கொட்டின. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரோடு கலக்காமல், பானைக்கு மூடி போட்டதுபோல மேலே பரவி நின்றது. காற்றும் அடிக்கவில்லை. காற்று அடித்தால்தான் கடல் புரளும். கடல் புரண்டால்தான் மேல் நீரில் இருக்கும் மூச்சுக்காற்று அடிவரைக்கும் இறங்கும். சருகும் செத்த உயிர்களும் பள்ளத்தில் விழுந்து அழுகின. அழுகல் இருந்த கொஞ்சநஞ்ச மூச்சையும் தின்றுவிட்டது. தண்ணீர் கறுத்து, கெட்ட முட்டை நாற்றம் அடித்தது. அதுதான் கருநீர்.

கருநீர் சத்தமே இல்லாமல் ஊர்ந்து பாரின் மேல் ஏறியது.

"எனக்கு இது ஒத்துவராது," என்று நண்டு முதலில் கிளம்பியது. போகிற போக்கில் முள்ளெலியை இடித்தது. முள்ளெலி பதிலுக்குத் திட்டக்கூட இல்லை. அதுவும் பின்னாலேயே மேட்டைப் பார்த்து நகர்ந்தது.

"நான் என்ன செய்வேன்?" என்று கடற்பஞ்சு கேட்டது. "எனக்கு மூடத் தெரியாதே."

 

"சிப்பிகளே, மூடுங்கள்!" என்றான் கெட்டிவாயன்.

எல்லாச் சிப்பிகளும் மூடின. உள்ளே இருந்த தண்ணீரில் மிச்சமிருந்த மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்தபடி அசையாமல் கிடந்தன. கடைசியில் காற்று திரும்பியது, கடல் புரண்டது, கருநீர் பள்ளத்துக்கே இறங்கிப் போயிற்று.

சிப்பிகள் திறந்து பார்த்தன. கடற்பஞ்சு கூழாகிக் கிடந்தது. கடல் அல்லி தண்டோடு சாய்ந்திருந்தது, கைகள் உதிர்ந்துவிட்டன.

"ஐயோ பாவம்," என்றாள் வரிச்சி.

"அதை விடு தங்கச்சி," என்றான் கெட்டிவாயன். "துளையன் எங்கே என்று பார்."

பார்த்தார்கள். பாரின் அடிவாரத்தில் நத்தை ஓடுகள் காலியாக உருண்டு கிடந்தன. துளையனின் கூட்டம் முழுவதும் செத்திருந்தது. துளையன் மட்டும் தப்பித்து, சரிவில் கொஞ்சம் மேலே நின்றுகொண்டிருந்தான். கிட்டே வரவில்லை.

"என்னப்பா துளையா, வா," என்று கெட்டிவாயன் கூப்பிட்டான். "சாப்பிட்டு நாளாகியிருக்குமே."

"அங்கே இன்னும் அந்த நாற்றம் போகவில்லை," என்றான் துளையன். "எனக்கு மூச்சு முட்டுகிறது."

"எங்களுக்கு முட்டவில்லையே."

"எனக்கே ஆகாத தண்ணீரில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?"

"வாயை மூடிக்கொண்டு இருக்கிறோம். அந்தச் சமர்த்து உனக்குக் கிடையாது."

துளையன் கொஞ்ச நேரம் யோசித்தான். அவன் நிதானமானவன் என்று சொன்னேன் அல்லவா?

"சரி. ஆனால் எப்போதாவது திறந்துதானே ஆக வேண்டும்?" என்று கேட்டுவிட்டு, மெதுவாகத் திரும்பி மேட்டுப் பாரை நோக்கி ஊர்ந்து போனான்.

பாரெங்கும் சிரிப்பு. பயந்து பயந்தே வாழ்ந்தவர்களுக்கு அன்றைக்குத்தான் சிரிக்க வாய்த்தது. வரிச்சியும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அழுதாள். அன்று முதல் கருநீருக்குக் காவல்காரன் என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த ஆண்டும் காவல்காரன் வந்தான், முன்பைவிட அதிக நாள் தங்கினான். அதற்கடுத்த ஆண்டு இன்னும் அதிக நாள். ஒவ்வொரு தடவையும் சிப்பிகள் மூடின, ஒவ்வொரு தடவையும் பிழைத்துத் திறந்தன. தாங்காமல் செத்துப்போன சில கிழடுகளைப் பற்றிக் கெட்டிவாயன், "பயிற்சி போதவில்லை," என்றான். கருநீர் இல்லாத நாட்களிலும் மூடிப் பழகச் சொன்னான். சிப்பிகளும் வாயைத் திறந்து வயிற்றுக்குச் சாப்பிட வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டு பழகின.

நண்டு திரும்பி வரவில்லை, முள்ளெலியும் வரவில்லை. மேய ஆளில்லாததால் ஓடுகளில் வழவழவென்று பாசி படிந்தது. சிப்பிகளின் ஓடு வருடத்துக்கு வருடம் மெலிந்தது. வளர வேண்டிய வயதில் இருந்தவை வளரவே இல்லை.

"நாம் ஏன் அண்ணே இப்படிச் சிறுத்துப்போகிறோம்?" என்று வரிச்சி ஒருநாள் கேட்டாள்.

"சிறுத்தால்தான் மூச்சு குறைவாகச் செலவாகும்," என்றான் கெட்டிவாயன். "எல்லாம் நன்மைக்கே. இங்கே இப்போது நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்? பார் முழுவதும் நமக்குத்தான்."

அது என்னவோ உண்மை. சந்தைக்கடையாக இருந்த இடத்தில் சிப்பியைத் தவிர வேறு பேச்சுக்குரல் இல்லை. ஆனால் கரகரப்பும் இல்லை. வரிச்சிக்கு அது போதுமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் வரிச்சி மறுபடியும் தாயானாள். அவள் இனத்துச் சிப்பிகள் குஞ்சுகளை உடனே வெளியே விடாது. தன் ஓட்டுக்குள்ளேயே வைத்து, கொஞ்சம் தேறிய பிறகு நீரில் விடும். உள்ளே குஞ்சுகள் தூசி தூசியாக அலைவதை அவள் உணர்ந்துகொண்டே இருந்தாள். இந்தத் தடவை ஒன்றையும் பறிகொடுக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள்.

குஞ்சுகளை வெளியே விட வேண்டிய நாள் நெருங்கியபோது விசிறி வந்தாள்.

விசிறி ஒரு விசிறிச் சிப்பி. ஒட்டாத இனம். இரண்டு ஓட்டையும் படபடவென்று அடித்துக்கொண்டு நீந்துவாள். ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது. மனதில் பட்டதை அப்படியே போட்டு உடைக்கிறவள். அவள் ஓட்டின் விளிம்பெல்லாம் வரிசையாகக் கண்கள்.

"அக்கா," என்றாள் வரிச்சியிடம், மூச்சு வாங்க. "குஞ்சுகளை விட்டுவிட்டாயா?"

"இன்னும் இல்லை. ஏன்?"

"விடு. ஆனால் இங்கே அழைக்காதே. நீ வாசனை விடாமல் இருந்தால் அவை நீரோட்டத்தோடு மேட்டுப் பாருக்குப் போய்விடும். அங்கேயும் உன் இனத்தார் இருக்கிறார்கள், அழைப்பார்கள்."

கெட்டிவாயனுக்கு ஓடே அதிர்ந்தது. "யாரம்மா நீ? ஊர் ஊராகச் சுற்றுகிறவள் குடும்பத்துக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாயா?"

"சுற்றுகிறதால்தான் தெரிகிறது," என்றாள் விசிறி. "போன தடவை வந்த கருநீர் இறங்கிப் போனது என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? போகவில்லை. இதோ, பாருக்குக் கீழேயே நிற்கிறது. பள்ளம் நிறைய நிற்கிறது. நான் கண்ணால் பார்த்தேன்."

"காவல்காரன் வாசலிலேயே குடியிருந்தால் நமக்கு நல்லதுதானே?"

"சேற்றுப் புழுக்கள் எல்லாம் சேற்றைவிட்டு வெளியே வந்து படுத்திருக்கின்றன. புழு என்றைக்காவது வெளியே வந்து படுக்குமா? உள்ளே மூச்சு இல்லை."

"சோம்பல் முறிக்க வந்திருக்கும்."

சில சிப்பிகள் சிரித்தன. விசிறிக்கு ஆத்திரம் வந்தது.

"சிரியுங்கள். உங்களோடு பேச நான் வரவில்லை," என்று சொல்லிவிட்டு வரிச்சியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீயும் நானும் பேசலாம். உன்னால் நகர முடியாது, எனக்குத் தெரியும். உன் குஞ்சுகளால் முடியும். இப்போது மட்டும்தான் முடியும். ஒட்டிவிட்டால் அவற்றுக்கும் முடியாது."

வரிச்சி கேட்டாள்: "மேட்டுப் பாரில் துளையன் இருக்கிறானா?"

விசிறி பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"இருக்கிறான். அவன் கூட்டமும் பெருகிவிட்டது."

"குஞ்சுகளைத் தின்கிறார்களா?"

"தின்கிறார்கள் அக்கா. பாதி போகும். சில வருடம் பாதிக்கு மேலேயும் போகும். ஆனால் மிச்சம் வளர்கிறது. நன்றாக வளர்கிறது. அங்கே அலை அடிக்கிறது, தண்ணீர் சுத்தமாக இருக்கிறது. முள்ளெலிகூட அங்கேதான் இருக்கிறது, உன்னை விசாரித்தது."

விசிறி இன்னும் கிட்டே வந்தாள். அவள் கிட்டே வராமலே இருந்திருக்கலாம். வந்து ஓடு ஓட்டைத் தொட்டபோது, விசிறியின் முதுகில் ஏதோ ஒரு பள்ளம் வரிச்சிக்குத் தட்டுப்பட்டது. வட்டமான பள்ளம்.

"இது என்ன?" என்று கேட்டாள் வரிச்சி. குரல் மாறியிருந்தது.

"அதுவா? துளையன் வேலை. தூங்கும்போது ஏறிவிட்டான். பாதிதான் அராவினான், அதற்குள் ஒரு பெரிய அலை வந்து அவனைத் தள்ளிவிட்டது. நான் பிழைத்துக்கொண்டேன். அதைத்தான் சொல்கிறேன், அங்கே பிழைக்க வழி உண்டு."

வரிச்சிக்கு அந்தக் கடைசி வார்த்தை காதில் ஏறவில்லை. கரகரப்புதான் கேட்டது. தன் உடம்பு வழியாகப் போன கரகரப்பு, பாதியில் நின்றுபோன தாயின் பேச்சு. அந்தத் தாயின் ஓட்டுத் துளை இப்போதும் அவளுக்கு அடியில் இருந்தது.

"போய்விடு விசிறி," என்றாள்.

"அக்கா..."

"பாதி என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாய். எந்தப் பாதி என்று சொல்லு. எந்தக் குஞ்சை அவனுக்குக் கொடுக்க வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும், அதையும் நீயே சொல்லிவிட்டுப் போ."

 

"சரியாகச் சொன்னாய் தங்கச்சி," என்றான் கெட்டிவாயன். "இங்கே ஒன்றும் போகாது. ஒன்றுகூடப் போகாது."

விசிறி கொஞ்ச தூரம் போனாள், திரும்பிப் பார்த்தாள், மறுபடியும் போனாள். கருநீர் நாற்றத்தை அவளால் தாங்க முடியவில்லை.

வரிச்சி ஓட்டைத் திறந்து குஞ்சுகளை விட்டாள். அவை புகைபோல மேலே எழும்பின. வெளிச்சம் இருக்கும் பக்கம் போவது அவற்றின் சுபாவம். கொஞ்ச நாள் மேலே, நல்ல நீரில், விளையாடித் திரிந்தன. நீரோட்டம் அவற்றை மேட்டுப் பாரின் பக்கம் தள்ளத் தொடங்கியது. இறங்கி ஒட்ட வேண்டிய வயது வந்தபோது அவை இரண்டு பார்களுக்கும் நடுவில் இருந்தன.

வரிச்சி அழைத்தாள்.

தன்னிடம் இருந்த வாசனை முழுவதையும் விட்டாள். கெட்டிவாயனும் விட்டான். பாரில் இருந்த எல்லாச் சிப்பிகளும் சேர்ந்து விட்டன. குஞ்சுகள் தயங்கின, திரும்பின, ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்தன. தாய் கூப்பிட்டால் வராமல் இருக்குமா? வரிச்சியின் முதுகில் ஒட்டின, பக்கத்து ஓடுகளில் ஒட்டின. மிகச் சின்னது ஒன்று வரிச்சியின் விளிம்பிலேயே, வாய் ஓரமாக வந்து ஒட்டிக்கொண்டது.

ஒன்றும் குறையவில்லை. துளையன் வரவில்லை, நண்டு வரவில்லை, எவனும் வரவில்லை. வரிச்சியின் வாழ்க்கையிலேயே அதுதான் நல்ல காலம். குஞ்சுகள் முதுகு முழுக்க நெருக்கியடித்துக்கொண்டு பேசும், கேட்கும், சண்டை போடும். "அம்மா, இவன் இடிக்கிறான்." "அம்மா, நான்தான் முதலில் ஒட்டினேன்." அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆண்டு மழை முன்னதாகவே வந்தது. ஆறுகள் கொட்டின. காற்று நின்றது.

பள்ளம் நிறைய நின்ற கருநீர் மேலே வந்தது. முன்பெல்லாம் பாரின் அடியைத் தொட்டு மெல்ல ஏறும். இந்தத் தடவை ஒரேயடியாக உச்சியையும் தாண்டி, சரிவில் பாதிவரை ஏறி நின்றது.

"காவல்காரன் வந்துவிட்டான்," என்றான் கெட்டிவாயன். "மூடுங்கள். குஞ்சுகளே, நீங்களும் மூடுங்கள். பெரியவர்கள் சொல்லும்வரை திறக்கக் கூடாது."

எல்லாம் மூடின. ஓடு ஓட்டோடு ஒட்டியிருப்பதால், மூடிய பிறகும் ஒருவர் பேச்சு மற்றவருக்கு ஓடு வழியாகக் கேட்கும்.

"அம்மா, இருட்டாக இருக்கிறது."

"கொஞ்சம் பொறு கண்ணு. விளையாட்டு மாதிரிதான். யார் அதிக நேரம் மூடியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம்."

குஞ்சுகளுக்கு அது பிடித்திருந்தது. "நான்தான்", "நான்தான்" என்று போட்டி போட்டன. பிறகு, "அம்மா, திறக்கலாமா?" என்று ஒன்று கேட்டது.

"இன்னும் கொஞ்சம்."

"இப்போது?"

"இன்னும் கொஞ்சம் கண்ணு."

சின்ன ஓட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கும்? அந்தத் தண்ணீரில் எவ்வளவு மூச்சு இருக்கும்? பெரிய சிப்பி பல நாள் தாங்கும். குஞ்சுகளைப் பற்றிக் கெட்டிவாயன் கணக்குப் போடவே இல்லை. அவன் பழகச் சொன்ன காலத்தில் குஞ்சுகள் பிறக்கவே இல்லையே.

முதுகில் இருந்த பேச்சு குறைந்தது. சண்டை நின்றது. இடிக்கிறான் என்று புகார் சொன்ன குஞ்சு சொல்வதை நிறுத்தியது. இடித்த குஞ்சும் பேசவில்லை. வரிச்சி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். தூங்குகிறது என்று முதலில் நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் அவளுக்கு முடிந்தது.

"அண்ணே," என்று உச்சியை நோக்கிக் கேட்டாள். "காற்று எப்போது திரும்பும்?"

பதில் இல்லை.

"அண்ணே, குஞ்சுகள் பேசவில்லை. என்ன செய்யட்டும்?"

கெட்டிவாயன் வாய் திறந்திருந்தது. சிப்பி உயிரோடு இருக்கிறவரைக்கும்தான் மூடியிருக்க முடியும். செத்தால் ஓடு தானாகத் திறந்துகொள்ளும். அவன் மூடியிருந்த அழகைப் பார்த்து மூடப் பழகியவர்கள் எல்லாம் பாரெங்கும் ஒவ்வொருவராகத் திறந்துகொண்டிருந்தார்கள்.

வரிச்சிக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. விசிறி சொன்ன பாதி புரிந்தது. நீரோட்டம் தன் குஞ்சுகளை எங்கே தள்ளிக்கொண்டு போனது என்பதும், தான் அவற்றை எங்கே கூப்பிட்டோம் என்பதும் புரிந்தது. "நான் கூப்பிட்டிருக்கக் கூடாது," என்று வாய்விட்டே சொன்னாள். கேட்க யாரும் இருப்பதாக அவள் நினைக்கவில்லை.

"அம்மா," என்று விளிம்பில் ஒட்டியிருந்த அந்தச் சின்னக் குஞ்சு கேட்டது. குரல் மிகவும் மெலிந்திருந்தது. "வெளியே துளையன் நிற்கிறானா?"

"இல்லை கண்ணு. வெளியே யாருமே இல்லை."

"அப்படியென்றால் திறக்கலாமா?"

திற என்றால் கருநீர் உள்ளே வரும். திறக்காதே என்றால் மூச்சு தீரும். குஞ்சு அவள் சொல்வதற்காகக் காத்திருந்தது. சொன்னபடி கேட்கிற நல்ல குஞ்சு அது. அம்மா சொல்லாமல் அது திறக்கவில்லை.

அதன் ஓடு தானாகத் திறந்துகொண்டதை வரிச்சி தன் விளிம்பில் உணர்ந்தாள். அதற்குப் பிறகு அவளும் மூடிக்கொண்டிருக்க விரும்பவில்லை.

நீதி: எதிரி நுழைய முடியாத இடமெல்லாம் பிள்ளைகள் பிழைக்கும் இடம் ஆகிவிடாது.